நாலு பக்கமும் ஒட்டிய பாக்கெட்

மார்ச் 4

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுவது. நம் காகித வேலை ஆல்பம் இந்தக் கடிதத்தோடு வருகிறது. பார்சலைக் கத்தரிக்கோலால் குத்திப் பிரிக்காதே. போன வருடம் அப்படிப் பிரித்துத்தான் என் வண்ணத்துப்பூச்சிக்கு ஒரு இறக்கை போனது.

நீ கல்யாணமாகிப் போன வருடம் ஆரம்பித்தது, இது பத்தொன்பதாவது வசந்தம். நான் இரண்டு பக்கம், நீ இரண்டு பக்கம். ஒரு வருடம்கூட விட்டதில்லை. உனக்குப் பிரசவமான வருடம்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து மருந்துச் சீட்டில் காகிதக் குருவி மடித்து ஒட்டி அனுப்பினாய்.

இங்கே வசந்தம் இந்த முறை முந்திக்கொண்டுவிட்டது. ஆபீஸ் வாசல் மரம் பிப்ரவரி கடைசியிலேயே துளிர்விட்டு, எங்கள் சூப்பிரண்டின் ஸ்கூட்டர் மேல் பூவாகக் கொட்டுகிறது. அவர் தினமும் திட்டிக்கொண்டே துடைக்கிறார். அவர் தட்டிவிட்ட பூவைத்தான் பொறுக்கி வந்து, பழைய டெலிபோன் டைரக்டரிக்குள் பத்து நாள் வைத்து அழுத்தி, முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். முட்டை அட்டையை வெட்டிச் செய்யும் மஞ்சள் பூவும் செய்தேன். அதை ஒட்டினால் ஆல்பம் மூட மாட்டேன் என்றது. எனவே தனி டப்பாவில் அனுப்புகிறேன், உன் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடு.

இரண்டாவது பக்கத்தில் ஒரு வீடு இருக்கிறது. அதில் உனக்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நாம் பேசுவது காய்ச்சலும் காய்கறியும்தான், இந்த விஷயத்துக்கு அந்த வாய் வரவில்லை. பார்த்துவிட்டுப் பதில் எழுது. நீ வேண்டாம் என்றால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுகிறேன். மனசில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். வைத்துக்கொள்வேன். ஆனாலும் விட்டுவிடுவேன்.

அந்தப் பக்கத்தை வெட்டி ஒட்ட இந்த முறை ஒரு கை உதவி கிடைத்தது. குறை சொல்லாதே.

உன் அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்கா,

ஆல்பம் பத்திரமாக வந்தது. பார்சலைக் கத்தரிக்கோலால் பிரிக்கவில்லை. பல்லால் பிரித்தேன்.

முதல் பக்கத்துக்குப் பத்துக்குப் பத்து. அந்தப் பூவெல்லாம் இன்னும் நிறம் போகாமல் இருக்கிறது, ஸ்கூட்டர்காரரிடம் என் நன்றியைச் சொல். இரண்டாம் பக்கத்துக்கு நாலு மார்க்தான். கோபித்துக்கொள்ளாதே, நான் டீச்சர், உள்ளதைத்தான் போடுவேன். இலைகளைப் பார்த்தால் காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி எல்லாம் ஒரே வளைவு. எந்த மரத்தில் அப்படி இலை இருக்கிறது? அப்புறம் அந்தப் பசை! என் வகுப்பில் இருபத்திரண்டு நாலு வயசுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், இருபத்திரண்டும் சேர்ந்தாலும் ஒரு கூரைக்கு இவ்வளவு பசை வைக்காது. தட்டிப் பார்த்தேன், டொக் டொக் என்கிறது. உன் உதவியாளர் யார்? கொத்தனாரா?

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்கு ஒரு கேள்வியும் கண்ணில் படவில்லை. முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் வீட்டுக்காரர்தான் காபி டம்ளரோடு பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "இது தெரியலையா உனக்கு? நாய் வளக்கலாமான்னு கேக்குறாங்க. வாசப்படியில உக்காந்திருக்கு பாரு. ரெண்டு பக்கமும் காது தொங்குது. எலும்பு வேற வச்சிருக்கு" என்றார். அப்புறம் பார்த்தால் எனக்கும் அதுவே தெரிகிறது.

அக்கா, வேண்டாம். முடி கொட்டும். சோபாவை விட்டு இறங்காது. குறட்டை விடும். யாரையாவது கடித்து வைத்தால் நீதான் போய்ப் பதில் சொல்ல வேண்டும். முதல் இரண்டு மாதம் அழகாக இருக்கும், அப்புறம் ஆயுசுக்கும் நீ அதற்குப் பின்னால் அலைய வேண்டியதுதான்.

இதெல்லாம் சும்மா சொன்னது. நிஜமான காரணம் வேறு. உனக்குத் தெரியாமல் வைத்திருந்து, என் பக்கத்தில் செய்து காட்டலாம் என்று இருந்தேன். நீ நாயும் கையுமாக நிற்பதால் இப்போதே உடைக்கிறேன். எங்கள் மாடி அறையை உனக்காகத் தயார் செய்துகொண்டிருக்கிறோம். இன்னும் நாலு வருடத்தில் ரிட்டயர் ஆகிவிடுவாய், அதற்குப் பிறகு தனியாக அங்கே என்ன வேலை? இங்கே வந்துவிடு. சுவருக்கு இளம் பச்சை அடித்தாயிற்று. என் மகள், பெரியம்மாவுக்கு என்று ஜன்னலில் காகிதச் சரம் கட்டிவிட்டாள். ஆல்பத்தில் அந்த அறையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். பக்கத்தைத் திறந்தால் கட்டிலும் மேசையும் நிமிர்ந்து நிற்கும். இந்த அறையில் நாய்க்கு இடமில்லை.

உன் குட்டி


மார்ச் 13

அன்புள்ள குட்டிக்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் பிரித்துப் படித்தேன். அது தப்பு. பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்த ஒருவர் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சிரித்துச் சிரித்து மூக்குக் கண்ணாடி கீழே விழுந்துவிட்டது.

அது நாய் இல்லை. மனிதர்.

காது என்று மாப்பிள்ளை சொன்னது, தலையில் மிச்சமிருக்கும் முடி. நடுவில் ஒன்றும் இல்லை, காதோரம் இரண்டு பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. எலும்பு என்றது பைப் ரெஞ்சு. அவர் பிளம்பர். தன்னைத் தானே அட்டையில் வெட்டி வாசற்படியில் உட்கார வைத்துக்கொண்டார். நான் அப்போதே சொன்னேன், சட்டைக்கு வேறு நிறம் போடுங்கள் என்று. வீட்டில் பிரவுன் அட்டைதான் இருந்தது.

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். வருத்தப்படுவாரோ என்று பார்த்தேன். "பரவால்லைங்க, காவலுக்கு ஒரு ஆள்னு நெனச்சுட்டாங்க. தப்பா ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

கேள்வி கூரைக்குள் இருக்கிறது. கூரை என்பது ஒரு பாக்கெட். மூன்று பக்கம் ஒட்டி மேல் பக்கத்தைத் திறந்து விட வேண்டும், உள்ளே ஒரு கடிதம் வைத்திருந்தேன். ஒட்டும் வேலையை அவரிடம் கொடுத்துவிட்டு நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது நாலு பக்கமும் ஒட்டி, அதன் மேல் இன்னொரு பூச்சும் பூசி, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார். நான் கவனிக்கவில்லை. நேற்றுக் கேட்டேன். "ஒரு பக்கம் திறந்து இருந்துச்சுங்க. ஒழுகுமேன்னு அடைச்சுட்டேன்" என்கிறார். முப்பது வருடமாக ஓட்டையை அடைத்தே பழகிய கை. அதை என்ன சொல்வது?

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனிமேல்தான் கை வர மாட்டேன் என்கிறது. உன் மாடி அறை, இளம் பச்சை, ஜன்னல் சரம் எல்லாவற்றையும் இரண்டாம் முறை படித்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கூரையைப் பிரிக்க வேண்டாம், அப்படியே திருப்பி அனுப்பு என்று எழுதி, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது தாள்.

பிரித்துப் படி.

அக்கா


மார்ச் 18

அக்கா,

கட்டர் வைத்து அறுத்தேன். கூரை இரண்டாகக் கிழிந்துவிட்டது. பரவாயில்லை, வீட்டுக்கு உள்ளே இருக்கிற நிலைமைக்கு அதுதான் பொருத்தம்.

நீ எழுதியிருப்பதை உனக்கே படித்துக் காட்டுகிறேன். "எட்டு மாதமாகப் பழக்கம். நல்ல மனிதர். ஏப்ரல் 18 காலை பத்தரை மணிக்கு எங்கள் ஆபீஸில் திருமணப் பதிவு. அவர் தரப்புச் சாட்சி அவருடைய தம்பி. என் தரப்புச் சாட்சியாக நீ வர வேண்டும். உனக்குச் சம்மதம் இல்லையெனில் நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்." இது கடிதமா, ஆபீஸ் மெமோவா? கீழே முத்திரை குத்த மறந்துவிட்டாய்.

எட்டு மாதம்! நோட்டீஸ் உங்கள் ஆபீஸ் பலகையில் ஒட்டியிருக்கும். போகிற வருகிறவர்கள் எல்லாம் படித்திருப்பார்கள். பிறப்புச் சான்றிதழுக்கு வந்து உனக்குத் தண்ணீர் கொடுத்தவருக்குக்கூடத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்க பஸ் ஸ்டாப்பில் வந்து நின்ற முதல் நாளே ஓடி வந்து உன்னிடம்தானே சொன்னேன். நீ செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் வாசலிலேயே நிற்க வைத்து, எந்த ஊர், என்ன வேலை, சிகரெட் பிடிப்பாரா என்று கேட்டாய். எனக்கு ஒரு கேள்வி கேட்கக்கூட எட்டு மாதத்தில் ஒரு நாள் கிடைக்கவில்லை.

நீ கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நோட்டீஸைத் திரும்பப் பெறாதே, அந்தப் பழி எனக்கு வேண்டாம். ஆனால் நான் வரமாட்டேன். சாட்சி என்றால் பார்த்தவள் என்று அர்த்தம். நான் எதைப் பார்த்தேன்? பிரவுன் அட்டையில் ஒரு நாயைப் பார்த்தேன். முன்னே பின்னே தெரியாத மனிதருக்கு நான் எப்படிச் சாட்சிக் கையெழுத்துப் போடுவது?

போன் பண்ணாதே. எடுக்க மாட்டேன்.

மாடி அறைக்கு இரண்டாவது கோட்டும் அடித்துக் காய்ந்துவிட்டது. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.


மார்ச் 24

அன்புள்ள குட்டிக்கு,

பதினோரு தடவை போன் செய்தேன். மாப்பிள்ளைதான் எடுத்தார். பதினோரு தடவையும் "அவ குளிச்சிட்டிருக்காக்கா" என்றார். நீ காலை, மதியம், சாயங்காலம் என்று குளித்துக்கொண்டே இருந்தால் தோல் என்னத்துக்கு ஆகும்? பாவம் அவர், பொய் சொல்லத் தெரியாதவர். கடைசித் தடவை நான் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்.

நீ எழுதியது எல்லாம் நியாயம். மெமோ என்றாய், அதுவும் நியாயம். மற்றவர்களின் கல்யாணத்தைப் பதிவு செய்தே இருபத்தெட்டு வருடம் ஓடிவிட்டது, வேறு மாதிரி எழுத எனக்கு வரவில்லை. ஏழு தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் அவ்வளவுதான் மிஞ்சியது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். வெட்கம்தான், வேறென்ன. எனக்கு ஐம்பத்து நாலு வயது. அம்மா போனபோது உனக்கு ஒன்பது, எனக்கு இருபது. அன்றிலிருந்து உனக்குத் தலை வாரிவிட்டு, கணக்குச் சொல்லிக்கொடுத்து, நீ பஸ் ஸ்டாப் கதை சொன்னபோது வாசலில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள் நான். அவளே திடீரென்று உன் முன்னால் வந்து எனக்கும் ஒருத்தரைப் பிடித்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது? நீ சிரிப்பாய். நீ சிரித்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும். சிரித்துவிட்டேன் என்றால் இதை அப்படியே விட்டுவிடுவேன். விட எனக்கு மனசில்லை, குட்டி. அதுதான் விஷயம்.

உன் மாடி அறையை நான் மறக்கவில்லை. அதற்குப் பதில் எழுத இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.

சாட்சிக் கட்டத்தில் வேறு யாரையும் போட மாட்டேன். எதிர் சீட் டைப்பிஸ்ட் "நான் போடுறேன்க்கா" என்று பேனாவைத் திறந்துகொண்டே வந்தாள். மூடச் சொல்லிவிட்டேன். நீ வரவில்லை என்றால் பதிவு கிடையாது. இதை மிரட்டல் என்று நினைக்காதே. மிரட்டல்தான்.

முன்னே பின்னே தெரியாத மனிதர் என்று எழுதியிருந்தாய் அல்லவா? அதை அவரிடம் சொன்னேன். நியாயம்தானே என்றார். நாலு நாள் சாயங்காலம் வந்து என் மேசையைப் பிடித்துக்கொண்டார், நான் ஒரு கை வைக்கவில்லை. இத்துடன் வருவது அவர் உனக்காகச் செய்தது. அட்டையில் ஒரு தண்ணீர்க் குழாய். கைப்பிடியைத் திருப்பு, வாயிலிருந்து நீலத் தாள் எட்டிப் பார்க்கும். அதைப் பிடித்து இழு. மெதுவாக. இதற்கு முன்னால் மூன்று குழாய் வீணாகிவிட்டது. நீலத் தாளில் தன்னைப் பற்றி எழுதியிருக்கிறார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது, கையை வைத்து மறைத்துக்கொண்டே எழுதினார்.

உன் அக்கா


மார்ச் 31

அன்புள்ள அக்கா,

இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. மேசையைத் தாண்டி, நாற்காலியைத் தாண்டி, கூடத்துக்குப் போய், அங்கே செருப்பு ஸ்டாண்டு வரைக்கும் போனது. என் வீட்டுக்காரர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார், என் மகள் நடுவில் தாங்கிக்கொண்டாள், நான் குனிந்து குனிந்து படித்தேன். பள்ளிக்கூட டேப்பை வைத்து அளந்தேன், நாலு மீட்டர் பத்து சென்டிமீட்டர். ஒரு இடத்தில்கூட ஒட்டு தெரியவில்லை. இலை வெட்டத் தெரியாதே தவிர, இணைப்பு கொடுக்கத் தெரிகிறது. இந்தக் குழாய்க்குப் பத்துக்குப் பதினொன்று.

உனக்குக் காட்டாமல் எழுதினார் இல்லையா? நான் காட்டுகிறேன். ஆரம்பமே இப்படி: "எனக்கு அம்பத்தாறு வயசு. மனைவி தவறிப் பதினோரு வருஷம் ஆச்சு. பிள்ளைங்க இல்லை. குறட்டை உண்டு. முடி இனிமே கொட்ட வழியில்லை. சோபாவுல உக்காந்தா சொன்ன உடனே எந்திரிச்சுடுவேன். இதுவரைக்கும் யாரையும் கடிச்சதில்லை." அக்கா, நான் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பை நிறுத்த முடியவில்லை. கோபமாக இருக்க வேண்டும் என்று எவ்வளவோ பார்த்தேன்.

அடுத்த மீட்டரில் உன் விஷயம் வருகிறது. "உங்க அக்கா வீட்டுச் சமையல்ரூம் குழாய் மூணு தடவை கெட்டுப்போச்சு. முதல் தடவை வாஷர் தேஞ்சிருந்தது. ரெண்டாவது தடவை நான் போட்ட வாஷரே சரியில்லை, என் தப்பு. மூணாவது தடவை எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. யாரோ நட்டைக் கழட்டி விட்டிருந்தாங்க. நான் கேட்டுக்கலை. மாட்டிட்டு, டீ குடுத்தாங்க, குடிச்சிட்டு வந்தேன்." யார் அக்கா அந்த யாரோ? வீட்டில் நீ ஒருத்திதானே இருக்கிறாய்?

கடைசியில் எழுதியிருப்பதைச் சத்தமாகப் படிக்க முடியவில்லை, என் வீட்டுக்காரர்தான் வாங்கிப் படித்தார். "மாடி ரூமைப் பத்தி அவங்க சொன்னாங்க. அங்க வந்தாத்தான் சந்தோஷமா இருப்பாங்கன்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் ஒதுங்கிக்கிறேன். ஒரே ஒரு தடவை வந்து அந்த ரூம் குழாயை மட்டும் பாத்துக் குடுத்துட்டுப் போறேன்."

நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று இப்போது சொல்கிறேன். நீ சொல்லாமல் இருந்தது கோபம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது பாதி. நீ என்னை வளர்த்தாய், கடைசிவரைக்கும் உன்னை வைத்துக் காப்பாற்றுவது என் முறை என்று நான் எப்போதோ எழுதி வைத்துவிட்டேன். இத்தனை வருடம் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். யாரோ ஒருவர் ரெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் நுழைந்துவிட்டார் என்று பொறாமை. நாற்பத்து மூன்று வயதில் பொறாமை, கேட்கவே அசிங்கமாக இருக்கிறது. என் வகுப்பில் யாராவது இப்படி நடந்துகொண்டால் மூலையில் நிற்க வைப்பேன்.

அதனால் மூலையில் நின்று என் இரண்டு பக்கத்தையும் செய்து முடித்தேன். ஆல்பம் நாளைக்குப் புறப்படுகிறது. என் பதில் அதில் இருக்கிறது. மூன்று பக்கம்தான் ஒட்டியிருக்கிறேன்.

உன் குட்டி


ஏப்ரல் 6

என் குட்டிக்கு,

ஆல்பம் வந்தது. பாக்கெட்டுக்குள் விரலை விட்டேன். மூன்று ரயில் டிக்கெட்டின் நகல். ஏப்ரல் 17, காலை வண்டி. பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

அவரிடம் காட்டினேன். நேராகச் சமையலறைக்குப் போய், நன்றாக இருக்கிற குழாயைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம். நானும் கூப்பிடவில்லை. அவருக்குச் சந்தோஷம் வந்தால் கைக்கு வேலை வேண்டும்.

கிழிந்த கூரையை என்ன அழகாகச் சரி செய்திருக்கிறாய்! பழைய வரைபடத் தாளைச் சின்னச் சின்ன ஓடாக வெட்டி அடுக்கியிருப்பதை நகத்தால் தடவிப் பார்த்தேன். வாசற்படியில் அவருக்குப் பக்கத்தில் என்னையும் உட்கார வைத்துவிட்டாய். மூக்குக் கண்ணாடி சரி, ஆபீஸ் பை சரி. என் மூக்கு நிஜமாகவே அவ்வளவு பெரியதா? எங்கள் இரண்டு பேருக்கும் கீழே வெள்ளைத் தாளில் நாலு காலோடு ஒன்றை ஒட்டி, "இதுதான் நாய், வித்தியாசம் பார்த்துக்கொள்ளவும்" என்று எழுதியிருக்கிறாய். அவர் அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது என்னைவிட லட்சணமா இருக்குங்க" என்றார்.

உன் அறைப் பக்கத்தை மூன்று தடவை திறந்து மூடினேன். மூன்று தடவையும் கட்டில் சமர்த்தாக எழுந்து நின்றது. நான் அங்கே குடிவர மாட்டேன், குட்டி. அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் வருடத்துக்கு இரண்டு தடவை வந்து பத்து நாள் உட்கார்ந்து உன் பிராணனை வாங்குவேன். கூட ஒரு ஆளும் வருவார். உன் மாடிக் குழாய் எப்படியும் நன்றாக இருக்கப் போவதில்லை.

அந்த மூன்றாவது தடவை விஷயமாக நீ கேட்டதற்குப் பதில். அபாண்டம். நான் ஸ்பேனரைத் தொட்டதே இல்லை. என்னிடம் இருந்தது இடுக்கிதான்.

18-ஆம் தேதி அடையாள அட்டையின் அசலும் இரண்டு நகலும் கொண்டு வா. புகைப்படம் சமீபத்தியதாக இருக்க வேண்டும். நீலம் அல்லது கறுப்பு மை மட்டும். தங்கை என்பதற்காக விதியைத் தளர்த்த மாட்டேன்.

உன் அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்கா, அன்புள்ள அத்தான்,

வீடு வந்து சேர்ந்தோம். முதலில் அத்தானுக்கு ஒரு மன்னிப்பு. உங்களை அத்தான் என்று கூப்பிட அன்றைக்கு நாலைந்து தடவை வாயைத் திறந்தேன், பிளம்பர் என்றுதான் வந்தது. ரயில் நகர ஆரம்பித்து நீங்கள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தபோது, "பாத்து அத்தான், கை!" என்று தானாக வந்துவிட்டது. இனிமேல் மாறாது.

அக்கா, உன்னை என்ன செய்வது? பத்தரை மணிக்கு எல்லாரும் தயாராக நிற்கிறோம், மணமகளைக் காணோம். பார்த்தால் பழக்கத்தில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் போய் உன் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அடுத்து!" என்கிறாய். அத்தான் பயந்துபோய் வரிசையில் வந்து நின்றார். சூப்பிரண்டு வந்து "மேடம், இன்னிக்கு நீங்க அந்தப் பக்கம்" என்று உன்னைக் கையைப் பிடித்து எழுப்ப வேண்டியிருந்தது. அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில், மடியில் வைத்திருந்த பெட்டி கவிழ்ந்து, என் வகுப்புப் பிள்ளைகள் செய்து கொடுத்த காகிதப் பூ அத்தனையும் உங்கள் ஆபீஸ் தரையெல்லாம் பரவிவிட்டது. ஊரிலிருந்து பத்து மணி நேரம் நசுங்காமல் கொண்டுவந்தார் மனிதர். டைப்பிஸ்டும், வேறு வேலைக்கு வந்து நின்றவர்களும் ஆளுக்கு நாலாகப் பொறுக்கி எடுத்து உங்கள் இரண்டு பேர் மேலும் போட்டதுதான் எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது. அதை வேண்டும் என்று திட்டம் போட்டுச் செய்திருந்தால்கூட அவ்வளவு நன்றாக வந்திருக்காது.

என் முறை வந்தபோது நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன். பேனா எழுதலையா என்று கேட்டாய். எழுதியது.

பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாய் கதைக்குத்தான் பெரிய கைதட்டல்.

உன் குட்டி


ஏப்ரல் 23

என் குட்டிக்கு,

நேற்று ஒரு தம்பதி சான்றிதழ் நகல் கேட்டு வந்தார்கள். அதற்காகத் திருமணப் பதிவேட்டை எடுத்தேன். அவர்கள் பக்கத்துக்கு அடுத்த பக்கம் நம்முடையது. பார்க்கக் கூடாது என்று இல்லை, பார்த்தேன்.

மணமகள் தரப்புச் சாட்சி. பெயர், வயது, தொழில், விலாசம், எல்லாம் கரும்பலகையில் எழுதுகிற மாதிரி உருண்டை உருண்டையாக உன் கையெழுத்து. மணமகளுக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் மட்டும் ஒரு அடித்தல். முதலில் "மகள்" என்று எழுதியிருக்கிறாய். அதை ஒரே கோடாக அடித்துவிட்டு, மேலே "தங்கை" என்று எழுதியிருக்கிறாய்.

அன்றைக்கு நீ ஏன் அவ்வளவு நேரம் எடுத்தாய் என்று இப்போது தெரிந்தது. பேனா எழுதலையா என்று கேட்டேனே, என்ன மடத்தனம்!

நகலுக்கு வந்தவர்களை உட்காரச் சொன்னேன். எனக்குக் கண் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், குற்றம் கண்ணாடியில் இல்லை.

அடித்தல் திருத்தல் இருக்கிற தாளை நான் வாங்குவதே இல்லை, ஆபீஸில் யாரை வேண்டுமானாலும் கேள். இருபத்தெட்டு வருடத்தில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன், போய்ப் புதிதாக எழுதிக்கொண்டு வாருங்கள் என்று. பதிவேட்டில் அப்படி நேர்ந்துவிட்டால் ஒரு வழி இருக்கிறது. அடித்த வார்த்தைக்கு எதிரே ஓரத்தில், இரண்டில் எது சரி என்று எழுதி, எழுத்தர் கையெழுத்துப் போட வேண்டும். நம் சொந்தக் கல்யாணத்துக்கு நாமே அதைச் செய்யக் கூடாது, சூப்பிரண்டுதான் செய்ய வேண்டும். அவர் சாப்பிடப் போயிருந்தார்.

பேனாவை எடுத்தேன். ஓரத்தில் "இரண்டும் சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உன் அக்கா